கடையில் கார்டு நீட்டும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், பணம் கட்ட வருகிறவர்கள் எந்த இடத்தில் அசந்துபோகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இணையத்தில் வாங்குவது வேறு கதை. இது நேரில் கடைக்குப் போய்க் கார்டில் பணம் கட்டுகிறவர்களுக்கானது.

கார்டு என் பர்ஸிலேயே பத்திரமாக இருக்கிறது. அப்புறம் எப்படிப் பணம் போகும்?

திருடுகிறவனுக்கு அந்த பிளாஸ்டிக் அட்டை தேவையில்லை, அதில் இருக்கும் விவரம் போதும். கார்டின் முதுகில் ஓடும் கறுப்புக் கோட்டை நகல் எடுப்பது ஒரு வழி. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவற்றைப் படம் பிடித்துக்கொண்டு இணையத்தில் பொருள் வாங்குவது இன்னொரு வழி. மூன்றாவது ரொம்பப் பழையது: நீங்கள் பின் நம்பர் அடிப்பதைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, பிறகு கார்டைத் திருடுவது அல்லது மாற்றிவிடுவது. இதில் மட்டும்தான் கார்டே கைமாறுகிறது. மற்ற இரண்டில் கார்டு உங்கள் பையில்தான் இருக்கும், அதனால்தான் பல நாள் வரைக்கும் சந்தேகமே வராது.

தேய்ப்பது, செருகுவது, தட்டுவது: இதில் எது நல்லது?

தட்டுவதும் செருகுவதும் நல்லது. தேய்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மீதி பாதி தானே புரியும். கறுப்புக் கோடு என்பது பழைய ஆடியோ கேசட் நாடா மாதிரி. கார்டு எண், பெயர், காலாவதித் தேதி, ஒரு ரகசியச் சரிபார்ப்பு எண் எல்லாம் அதில் பதிந்திருக்கும். இன்று தேய்த்தாலும் அடுத்த வருடம் தேய்த்தாலும் அதே விவரம்தான் வரும். ஒரு முறை படித்தவன் வெற்று அட்டையில் அப்படியே பதிந்துகொள்ளலாம். 1960களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி இந்த நாடாவை பிளாஸ்டிக்கில் ஒட்டப் பார்த்தார், எந்தப் பசையும் சரிவரவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவிதான், சூடு வைத்து ஒட்டிப் பார்க்கச் சொன்னார் என்பது கதை. அருமையான யோசனைதான், ஆனால் வயதாகிவிட்டது. மாஸ்டர்கார்டு நிறுவனம் 2033-க்குள் தன் கார்டுகளில் இந்தக் கோடே இருக்காது என்று அறிவித்திருக்கிறது.

சிப் அப்படியல்ல. அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, அது வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்தச் சாவியைக் கொண்டு, அந்த ஒரு பில்லுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு குறியீட்டைச் சிப் தயாரித்துக் கொடுக்கும். எத்தனையாவது பரிவர்த்தனை என்ற கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய குறியீட்டை ஒருவன் திருடினாலும் நாளைக்கு அது குப்பை. யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் சேர்ந்து 1990களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. தட்டும்போதும் வேலை செய்வது இதே சிப்தான், கம்பியில்லாமல் பேசுகிறது, அவ்வளவே.

சிப் எடுக்கவில்லை, தேய்த்துவிடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால்?

முதலில், நீங்களே இன்னொரு முறை செருகிப் பாருங்கள். சிப்பின் மேல் அழுக்கு இருந்தால் துணியால் துடைத்துவிட்டுச் செருகினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சிப் உள்ள கார்டைத் தேய்த்தால், ஒழுங்கான மெஷின் "சிப்பைச் செருகுங்கள்" என்று திரும்பக் கேட்கும். இது சிப் உள்ள கார்டு என்ற தகவல் அந்தக் கறுப்புக் கோட்டிலேயே பதிந்திருப்பதுதான் காரணம். ஆக, ஒரு கடையில் செருகும் வாயை டேப் போட்டு அடைத்துவிட்டு எல்லோருடைய கார்டையும் தேய்த்துக்கொண்டிருந்தால் யோசியுங்கள். மெஷின் உண்மையிலேயே பழுதாக இருக்கலாம், கடைக்காரரும் நல்லவராக இருக்கலாம். ஆனால் கார்டைத் தேய்க்க வைப்பதுதான் திருடனுக்கும் வேண்டியது. நானாக இருந்தால் அங்கே ரொக்கம் கொடுத்துவிடுவேன், இல்லையென்றால் பக்கத்துக் கவுன்ட்டருக்குப் போய்விடுவேன்.

கூட்டத்தில் உரசிக்கொண்டே போய், தட்டும் கார்டிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார்களாமே?

இந்தப் பயத்தைக் கிளப்பும் வீடியோக்கள்தான் உண்மைச் சம்பவங்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன். தட்டும் கார்டு மெஷினிலிருந்து 4 சென்டிமீட்டர் போல நெருங்கினால்தான் பேசும். மெஷின் வைத்துப் பணம் எடுக்க வேண்டுமென்றால் அவன் வங்கியில் வியாபாரியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், பணம் அவன் பெயரிலுள்ள கணக்கில்தான் போய் விழும். சந்தேகப்பட்டால் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். திருடனுக்கு இதைவிடச் சுலபமான தொழில்கள் இருக்கின்றன.

செல்போனை வைத்து கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் படிக்க முடியும் என்பது நிஜம். ஆனால் பின்பக்கத்து மூன்று இலக்கம் அந்த வழியாக வராது, பின் நம்பரும் வராது. உலோக உறை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கினால் கெடுதல் இல்லை. நான் வாங்கவில்லை.

நிஜமான ஆபத்து வேறு: கார்டு தொலைந்துபோனால், கண்டெடுத்தவன் சின்னச் சின்னத் தொகையாகப் பின் இல்லாமலே தட்டித் தீர்ப்பான். வங்கி ஆப்பில் தட்டும் வசதிக்கு வரம்பு வைக்கவோ அணைத்து வைக்கவோ முடிந்தால் அதைச் செய்துவிடுங்கள்.

மெஷினைப் பார்த்தே அதில் திருட்டுக் கருவி ஒட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

எப்போதும் முடியாது. ஆனால் பல சமயம் முடியும்.

கடை மெஷினில் ஒட்டுவது பெரும்பாலும் ஒரு மேலுறை. அசல் மெஷினின் முகத்தைப் போலவே வார்த்த ஒரு பிளாஸ்டிக் மூடி. ஒருவன் கடைக்காரரை அலமாரிப் பக்கம் திருப்பி ஏதோ கேட்பான், கூட வந்தவன் அதற்குள் மூடியை மெஷினின் மேல் அழுத்திவிடுவான். சில நொடி வேலை. அதற்குப் பிறகு மெஷின் வழக்கம்போல வேலை செய்யும், பில்லும் வரும். கூடவே கோட்டின் விவரமும் நீங்கள் அழுத்திய பின் நம்பரும் மூடிக்குள் பதிவாகும்.

மூடி மேலே உட்காருவதால் மெஷின் கொஞ்சம் தடித்திருக்கும். பட்டன்கள் பள்ளத்துக்குள் இருப்பதுபோல இருக்கும், அல்லது அழுத்தும்போது விறைப்பாக இருக்கும். ஓரத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்குகள் மறைந்திருக்கும். கார்டு வழக்கமாகப் போகும் ஆழத்துக்குப் போகாது. பக்கத்துக் கவுன்ட்டர் மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கடையில் ஒரே மாதிரி மெஷின்தானே வைத்திருப்பார்கள், ஒன்று மட்டும் குண்டாக இருந்தால் கேள்வி கேட்கலாம். விளிம்பில் விரல் நகத்தை வைத்து லேசாக இழுத்துப் பார்ப்பதிலும் தப்பில்லை. அசல் மெஷினின் முகம் பெயர்ந்து வராது.

ஆளில்லாத இடங்களில், அதாவது பெட்ரோல் பங்க் பம்புகளிலும் தானியங்கி டிக்கெட் மெஷின்களிலும், இன்னும் கவனம் வேண்டும். அங்கே திருடனுக்கு அவசரமே இல்லை.

கண்ணால் பார்க்கவே முடியாத வகையும் உண்டு: சிப் செருகும் வாய்க்குள் நுழைத்து வைக்கும் காகிதக் கனத் தகடு. ஆனால் அதனால் சிப்பை நகல் எடுக்க முடியாது. அது திருடும் விவரத்தை வைத்துக் கறுப்புக் கோடு தயாரித்தாலும், சிப்பில் இருக்கும் சரிபார்ப்பு எண் கோட்டில் இருப்பதிலிருந்து வேறுபட்டது என்பதால், ஒழுங்காகச் சோதிக்கும் வங்கி அதை நிராகரித்துவிடும். கார்டு உள்ளே போக முரண்டு பிடித்தால் திணிக்காதீர்கள், அது போதும்.

பின் நம்பர் அடிக்கும்போது கையால் மறைப்பது நிஜமாகவே உதவுமா?

வேறு எந்த உபாயத்தையும்விட. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒளித்து வைத்த கேமராவும் சரி, வரிசையில் பின்னால் நிற்பவனின் கண்ணும் சரி, நடுவில் ஒரு கை வந்தால் தோற்றுப்போகும். ஒரு கையால் அடியுங்கள், மற்றொரு கையைக் கூரை மாதிரி மேலே பிடியுங்கள். கையில் பை இருந்தால் கீழே வைத்துவிட்டு அடியுங்கள், வரிசை காத்திருக்கட்டும்.

கல்லாவில் இருந்தபோது நான் நம்ப முடியாமல் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மெஷினை நான் நீட்டுவேன். வாடிக்கையாளர் போனில் பேசிக்கொண்டே, "நீங்களே அடிச்சுக்கோங்க" என்று நாலு எண்ணையும் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ஒருவர் இருவர் அல்ல. நான் மெஷினை அவர் பக்கமே திருப்பி வைத்தால் சிலருக்குக் கோபம்கூட வரும். பின்னால் நிற்கும் ஆறு பேருக்கு அந்த எண் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அடித்த பிறகு ஒரு சின்னத் தந்திரம்: விரல்களை வேறு சில பட்டன்கள் மேலும் ஒரு நொடி ஓய்வாக வையுங்கள். ரப்பர், பிளாஸ்டிக் பட்டன்கள் விரல் சூட்டைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும், வெப்பம் பார்க்கும் கேமராவில் எந்த நாலு பட்டன் என்பது தெரிந்துவிடும். உலோகப் பட்டன்களில் இந்தத் தொல்லை இல்லை.

பிறந்த வருடம், 1234, ஒரே எண் நாலு தடவை வேண்டாம். நாலு இலக்கத்தில் 10,000 எண்கள் இருக்கின்றன, ஆனால் ஆட்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பது அதில் ஒரு கைப்பிடிதான். முதல் ஏடிஎம்களில் ஒன்றை 1967-ல் லண்டனில் நிறுவிய ஜான் ஷெப்பர்ட்-பேரன் முதலில் ஆறு இலக்கம் என்றுதான் யோசித்தாராம். மனைவி தனக்கு நாலுதான் ஞாபகம் இருக்கும் என்று சொல்லிவிட்டதால் நாலாக்கினேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கறுப்புக் கோட்டிலும் பின் நம்பரிலும் ஆக இரண்டு மனைவிமாரின் பங்கு இருக்கிறது!

கார்டைக் கடைக்காரர் கையில் கொடுக்கலாமா?

கொடுக்காமல் முடிந்தால் கொடுக்காதீர்கள். கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. கார்டு உங்கள் கையைவிட்டுப் போனால் மூன்று விஷயம் நடக்கலாம்: படம் பிடிக்கலாம், இன்னொரு சின்னக் கருவியில் தேய்க்கலாம், மாற்றிவிடலாம். கையிலேயே இருந்தால் மூன்றுமே கஷ்டம்.

உணவகங்களில்தான் சிக்கல். பில்லோடு கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். "மெஷினை இங்கே கொண்டுவாங்க" என்று கேளுங்கள். கம்பியில்லா மெஷின் அதற்காகவே வந்தது. இல்லையென்று சொன்னால் எழுந்து கூடவே போங்கள்.

மாற்றிவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வங்கியின் கார்டுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே படம். பின் நம்பரைப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறொருவருடைய காலாவதியான கார்டைத் திருப்பிக் கொடுத்தால் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிடுவோம். திரும்ப வாங்கும்போது பெயரைப் படியுங்கள். ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால் படிக்கவே வேண்டாம், தடவினாலே தெரியும். சிப் மேலும் கோட்டின் மேலும் படாமல் ஒட்டுங்கள்.

இப்படியெல்லாம் பார்த்தால் கடைக்காரர் தப்பாக நினைக்க மாட்டாரா?

என்னிடம் கேட்டதிலேயே நேர்மையான கேள்வி இதுதான். மேலே சொன்னது எல்லாம் பலருக்கும் ஏற்கெனவே தெரியும். செய்யாததற்குக் காரணம் கூச்சம். பின்னால் வரிசை நிற்கிறது, எதிரே இருப்பவர் தெரிந்த முகம், "என்னை நம்பலையா" என்று கேட்டுவிடுவாரோ என்று தயக்கம்.

கல்லாப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: கையை மறைத்து அடிப்பவரை நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தொகையைப் படித்துவிட்டு அடிப்பவர் எங்களுக்கு நிம்மதி, ஏனென்றால் தப்பான பில்லோடு சாயங்காலம் திரும்பி வர மாட்டார். மெஷினில் மூடி ஒட்டியிருந்தால் முதலில் நஷ்டப்படுவதும் பெயர் கெடுவதும் கடைக்குத்தான். நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால் நன்றிதான் சொல்வோம். உண்மையிலேயே கோபித்துக்கொள்கிற கடை என்றால், சரி, அங்கே ரொக்கம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு எடுக்கவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

முதல் தடவை நிஜமாகவே தோற்றதா என்று தெரியாமல் போடாதீர்கள்.

எனக்கே நடந்தது. ஒரு கடையில் கார்டைச் செருகிப் பின் அடித்தேன். "எடுக்கலை சார்" என்றார். இரண்டாவது தடவையும் அதே பதில். ரொக்கம் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் பணம் போனதாக இரண்டு மெசேஜ். ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், சிக்னல் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பணம் திரும்பி வரும் வரை கடைக்கும் வங்கிக்கும் நடையாய் நடந்தேன்.

தோற்றுப்போன முயற்சிக்கும் மெஷின் ஒரு சீட்டைத் துப்பும், நிராகரிக்கப்பட்டது என்று அதில் அச்சாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். வங்கியின் மெசேஜ் வருகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு இரண்டாவது தடவை. ஒவ்வொரு தடவையும் பின் அடிக்கும் முன்னால் திரையில் இருக்கும் தொகையைப் படியுங்கள். ஒரு சைபர் கூடுவதற்கு மோசடி தேவையில்லை, தூக்கக் கலக்கமே போதும்.

போனில் தட்டுவது கார்டைவிட மேலா?

என் கணக்கில் ஆமாம். போனில் கார்டைச் சேர்க்கும்போது உண்மையான எண்ணுக்குப் பதிலாக அந்தப் போனுக்கென்று ஒரு மாற்று எண் உருவாகிறது. கடைக்குப் போவது அந்த மாற்று எண்தான். கடையிலிருந்து அதைத் திருடினாலும் வேறு இடத்தில் உதவாது. போதாக்குறைக்கு, போன் உங்கள் கைரேகையையோ முகத்தையோ கேட்கும். பின் அடிக்கும் வேலையும் பெரும்பாலும் இல்லை. ஒரே நிபந்தனை: போனின் பூட்டுக்கு நல்ல எண் வையுங்கள். பூட்டே இல்லாத போனில் கார்டைச் சேர்ப்பது பர்ஸை மேஜைமேல் விட்டுவிட்டுப் போவது மாதிரி.

டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா?

மோசடி நடந்தால், கிரெடிட் கார்டில் வங்கியின் பணத்தைப் பற்றித் தகராறு. டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணம் போய்விட்டது, அதைத் திரும்ப வாங்குவது பற்றித் தகராறு. விசாரணை முடியும் வரை வாடகை கட்டக் காசில்லாமல் நிற்பது இரண்டாவதில்தான். அதனால் தெரியாத கடைகளில் கிரெடிட் கார்டு நல்லது. டெபிட் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், கடைச் செலவுக்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்து, அதில் கொஞ்சமாகப் பணம் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

கடையின் கம்ப்யூட்டரிலேயே திருடு போனால் நான் என்ன செய்ய முடியும்?

உங்களால் தடுக்க முடியாது. அமெரிக்காவில் 2013-ன் கடைசியில் டார்கெட் கடைகளின் பில்லிங் மெஷின்களுக்குள் நுழைந்த வைரஸ், சுமார் 4 கோடி கார்டுகளின் விவரத்தை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வருடம் ஹோம் டிப்போவில் 5.6 கோடி. அங்கே பணம் கட்டியவர்கள் கையால் மறைத்து அடித்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் கோட்டின் விவரம் மெஷினைத் தாண்டிக் கடையின் கம்ப்யூட்டர் நினைவகத்துக்குப் போன பிறகு திருடப்பட்டது. அங்கே பெரும்பாலோர் அப்போது தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இப்படிச் செய்தி வந்தால் கார்டை மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள், கணக்கை அடிக்கடி பாருங்கள்.

ஸ்டேட்மென்ட்டில் தெரியாத சின்னத் தொகை ஒன்று இருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். திருடிய எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் காசு அளவில் போட்டுப் பார்ப்பார்கள், பெரிய தொகை அப்புறம் வரும். ஆனால் வங்கிக்கு ஓடும் முன் ஒன்று பாருங்கள்: கடையின் பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறு பெயரும் இருக்கலாம். பில்லில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரோடு ஒப்பிடுங்கள். பில் வெளிறிப்போகும் தாளில்தான் வருகிறது, அதனால் பெரிய தொகை என்றால் அன்றைக்கே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

மோசடி நடந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கார்டை முடக்குங்கள். ஆப்பில் முடியும் என்றால் ஆப்பில், இல்லையென்றால் வங்கியின் எண்ணுக்குப் போன். அந்த எண் கார்டின் பின்பக்கத்தில்தான் அச்சிட்டிருக்கும், கார்டு தொலைந்தால் எண்ணும் சேர்ந்து தொலைந்துவிடும். ஆகவே இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள். எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், புகார் எண் என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்திலும் புகார் கொடுங்கள். தாமதித்தால் நஷ்டத்தில் உங்கள் பங்கு கூடும் என்பதுதான் பல நாடுகளிலும் விதி. தொகை பெரிதென்றால் காவல்துறையில் புகார்.

இந்த நேரத்தில் "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டில் மோசடி நடக்கிறது, வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று ஒரு போன் வரலாம். பேசுகிறவருக்கு உங்கள் பெயர், கார்டின் கடைசி நாலு எண் எல்லாம் தெரிந்திருக்கும். வைத்துவிட்டு, நீங்கள் சேமித்து வைத்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஓடிபியையோ பின்னையோ உண்மையான வங்கி கேட்பதில்லை.

பழைய கார்டை என்ன செய்வது?

சிப்பின் நடுவே ஒரு வெட்டு, கறுப்புக் கோட்டின் குறுக்கே மூன்று நாலு வெட்டு, எண்ணைத் துண்டு துண்டாக. துண்டுகளை இரண்டு தவணையாகக் குப்பையில் போடுங்கள். உலோகக் கார்டில் கத்தரி உடைந்துவிடும், அதை வங்கியிடமே திருப்பிக் கொடுங்கள். வெட்டும் முன் காலாவதித் தேதியை ஒரு முறை பாருங்கள். நான் ஒரு தடவை புதிய கார்டை வெட்டிவிட்டுப் பழையதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.